பழக்கமா? பரீட்சையா?



நாம் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறோமென்றதும் சிலர் திகைக்கலாம். கொலைக் கருவியைப் புகழ நாம் வரவில்லை. ஒரு புதுச் சாமானின் யோக்கியதையை எப்படி அளப்பது என்பதைக் காட்டவே இதை எடுத்துக்கொண்டோம்.

பழைய துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே போட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். தரையில் நிற்பவனுக்கே இது சிரமமென்றால், குதிரைமேல் இருப்பவன் கதி என்ன? அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்தில் பீப்பாயும் படகும் செய்துவந்த ஜான் ஹால் என்பவர், குழலின் அடிப்பாகத்தைத் தனித் துண்டாக்கி, அதைத் தூக்கி மருந்திட்டு மூடும்படி செய்தார். காப்புரிமை கேட்கப் போனால், அந்த இலாகாத் தலைவர் வில்லியம் தார்ண்டன் அது தம்முடைய யோசனையென்று பங்கு கேட்டார்! 1811-ல் உரிமை இருவர் பேரிலும் பதிவாயிற்று. பாடுபட்டவன் ஒருவன், பங்குக்கு வந்தவன் ஒருவன்!

1819-ல் சர்க்கார் ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதசாலையில் 1000 துப்பாக்கிகள் செய்ய ஹாலுக்கு இடங் கொடுத்தது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கும் பொருந்தவேண்டுமென்று அவர் யந்திரங்களும் அளவுகருவிகளும் அமைத்தார். அரத்தால் ராவி ஒவ்வொன்றாகப் பொருத்துவதே வழக்கமாயிருந்த காலம் அது. செலவு அதிகமென்ற கூச்சல் கிளம்பிற்று. சர்க்கார் என்ன செய்தது? 1826-ல் பரீட்சிக்க ஆட்களை அனுப்பிற்று. அவர்கள் 100 துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மறுபடி பூட்டினார்கள். பொருந்தின! 1833 முதல் மிடில்டவுன் ஊரில் சைமியன் நார்த் செய்த ஹால் கார்பைன்கள், சக்கிமுக்கிக்குப் பதில் கேப்பு வைத்து, குதிரைப் படைக்குப் போயின.

அதில் குறையில்லையா? உண்டு. மூட்டின் இடுக்கில் நெருப்புக்காற்று கசிந்தது. ஹாலிடம் வேலை பார்த்த கிறிஸ்தியன் ஷார்ப்ஸ் 1848-ல் வேறுவிதமான அடைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1860-ல் கிறிஸ்டபர் ஸ்பென்சர் 7 உலோகத் தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கிக்குப் பெற்றார். சுட்டதும் தோட்டாவின் உறையே விரிந்து கசிவை அடைத்துவிட்டது. அப்போதும் ஆயுத இலாகாத் தலைவர் ரிப்ளி புது மாதிரிகள் வேண்டாமென்றே பிடிவாதம் பிடித்தார். 1863 ஆகஸ்டில் ஜனாதிபதி லிங்கன் ஸ்பென்சர் துப்பாக்கியைத் தாமே சுட்டுப் பார்த்தார்.

ஆகவே தோழர்களே, பெரியவர் சொன்னார், முன்னோர் செய்தார் என்பதெல்லாம் பரீட்சையாகாது. எதையும் கழற்றிப் பாருங்கள். பொருந்தினால் வைத்துக்கொள்ளுங்கள். கசிந்தால் திருத்துங்கள். துப்பாக்கிக்கே இவ்வளவு சோதனை வேண்டுமானால், நம் வாழ்வை நடத்தும் வழக்கங்களுக்கு எவ்வளவு வேண்டுமென்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.