குயவரின் கால்திகிரி

திகிரி என்னும் சொல் தமிழில் வட்டமான பல பொருள்களைக் குறிக்கும். திருமால் கையிலுள்ள ஆழி திகிரி. தேரின் உருளை திகிரி. அரசனின் ஆணையும் திகிரி. அந்த வரிசையிலேயே குயவரின் சக்கரத்துக்கும் இடமளித்தார்கள் பழந்தமிழர். கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய செய்யுளொன்று புறநானூற்றில் உண்டு. அதில் புலவர் அழைத்துப் பேசுவது ஊர்க் குயவரை. இத்துணைப் புகழ் படைத்தவனைக் கவிக்கத்தக்க தாழி செய்ய வேண்டுமாயின், இந்நிலம் முழுவதும் திகிரியாகவும் பெருமலை மண்ணாகவும் அமைய வேண்டுமே, அது உன்னால் இயலுமோ என்று அவர் வினவுகின்றார். புலவரின் இந்தப் பெருங்கற்பனைக்கு அடிப்படையாய் நின்றது ஓர் எளிய தொழிற்கருவி. தொழிற்கருவியாதலின் அது தேயும், ஆடும், பழுதுபடும். பேணத் தெரிந்தவர் கையில் ஒரு தலைமுறைக்கு அப்பாலும் உழைக்கும். பேணத் தெரியாதவர் கையில் சில ஆண்டுகளில் விறகாகவும் பழைய இரும்பாகவும் போய்விடும்.

நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் வழிவழி வந்த திகிரி, நிலத்தோடு ஒட்டிக் கிடப்பது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இலங்கைக் குயவரின் சக்கரத்தை விவரித்துள்ளார். ஏறத்தாழ இரண்டரை அடி அகலமான வட்டப் பலகை. அதன் அடியில் ஒரு கல் முளை. அந்த முளை பொருந்துவதற்கு நிலத்தில் பதித்த கற்குழி. குயவருக்கு எதிரே குந்தியிருக்கும் சிறுவன் அதைக் கையால் சுழற்றுவான். தமிழ்நாட்டில் பாரமான சக்கரத்தைக் கோலால் உந்திச் சுழலவிட்டு, அது சுழன்று ஓய்வதற்குள் கலத்தை வனைந்தெடுப்பர். முன்னையதற்குத் துணையாள் வேண்டும். பின்னையதில் வேகம் குறையுந்தோறும் மண்ணிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

இவ்விரு குறைகளையும் நீக்கப் பிறந்ததே கால்திகிரி. கைகள் மண்ணைவிட்டு நீங்காதிருக்க, காலே சக்கரத்தைச் சுழற்றுகின்றது. இது மிகப் பழைய ஏற்பாடு. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீராக் ஆகமம், கால்களால் சக்கரத்தைச் சுழற்றும் குயவரைக் குறிப்பிடுகின்றது. இத்தாலியரான பிக்கொல்பாசோ ஏறத்தாழ 1557இல் மட்பாண்டக் கலை பற்றி எழுதிய நூலில் அதன் அமைப்பை விளக்கினார். இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியிலுள்ள சென்ற் ஐவ்ஸ் என்னும் ஊரில், பேர்ணாட் லீச் என்பார் ஜப்பானியக் கலைஞர் ஹமாடாவின் துணையுடன் 1920இல் ஒரு மட்பாண்டசாலை நிறுவினார். பக்கவாட்டில் ஆடும் மிதிகோலையுடைய ஒருவகைக் கால்திகிரி அவர் பெயராலேயே லீச் சில்லு என்று பல நாடுகளிலும் வழங்கலாயிற்று. கலைக் கல்லூரிகளிலும் தனியார் பட்டறைகளிலும் இன்று காணப்படும் பழைய கால்திகிரிகள் பலவும் 20ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை. மின்சாரச் சில்லு பரவியபின் அவற்றுட் பல மூலையில் ஒதுக்கப்பட்டன. அவற்றை மீண்டும் தொழிலுக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கால்திகிரியின் உறுப்புகள் சிலவே. மேலே மண்ணை ஏற்கும் தலைத்தட்டு. கீழே பாரச் சில்லு. இரண்டையும் இணைக்கும் நிமிர்ந்த உருக்குத் தண்டு. தண்டை அடியில் தாங்கவும் மேலே நிலைநிறுத்தவும் இரு போதிகைகள். அனைத்தையும் சுமக்கும் மரச் சட்டம் அல்லது இரும்புச் சட்டம். அதனோடு சேர்ந்த இருக்கை. இவற்றில் இரு வகை உண்டு. ஒன்றில் குயவர் பாரச் சில்லின் மேற்புறத்தையே பாதத்தால் உதைத்துத் தள்ளுவார். மற்றதில் தண்டின் ஒரு பகுதி முழங்கைபோல் வளைந்திருக்கும். மிதிகோல் ஒன்று அவ்வளைவைப் பற்றி இழுத்தும் தள்ளியும் சுழற்றும். தையற்பொறியை மிதித்தவர்களுக்கு இரண்டாம் வகையின் இயல்பு எளிதில் விளங்கும்.

பாரச் சில்லு எதற்காக? காலின் உந்தல் விட்டு விட்டு வருவது. மண்ணுக்கு வேண்டியதோ இடையறாத சுழற்சி. உந்தலின் சக்தியைச் சேமித்துச் சிறிது சிறிதாக வழங்கும் களஞ்சியமே பாரச் சில்லு. ஆயினும் நிறை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கின்றது என்பதே முக்கியம். ஒரே நிறையும் ஒரே அகலமும் கொண்ட இரு சில்லுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நிறை தட்டு முழுவதும் சீராகப் பரந்துள்ளது. மற்றதில் முழு நிறையும் விளிம்பில் உள்ளது. ஒரே வேகத்தில் சுழலும்போது இரண்டாவது சில்லு முன்னையதைப்போல் இருமடங்கு சக்தியைத் தன்னிடம் வைத்திருக்கும். ஆகவே இலேசான பழைய சில்லைப் பாரமாக்க விரும்புவோர் இரும்பையோ செங்கல்லையோ விளிம்பருகே, எதிரெதிராகச் சமநிறையில் பொருத்த வேண்டும். ஆனால் வேகமெடுக்கவும் நிறுத்தவும் அதே அளவு கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதை மறத்தலாகாது. பெரிய சாடி வனைபவருக்கு நன்மையானது, சிறு கிண்ணங்களை விரைந்து வனைபவருக்குச் சுமையாகலாம்.

பழைய திகிரியொன்று கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது அதைக் கழற்றுவதன்று, சோதிப்பதே. நன்றாக ஓர் உந்து உந்திவிட்டு, தானாக நிற்கும்வரை எத்தனை சுற்றுச் சுற்றுகின்றது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் மீண்டும் அதே வகையில் எண்ணினால், செய்த வேலை பயன் தந்ததா என்பதை அத்தொகையே சொல்லிவிடும்.

அடுத்து ஆட்டத்தின் காரணத்தைக் காண வேண்டும். தலைத்தட்டின் விளிம்பை மட்டுமட்டாகத் தொடாதவாறு ஓர் ஊசியை அசையாத தாங்கியில் நிறுத்தி, தட்டை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் இடைவெளி கூடுவதும் குறைவதும் தெரியும். அதே ஊசியைத் தட்டின் அடியிலுள்ள தண்டருகே நிறுத்தியும் பார்க்க வேண்டும். தட்டு ஆடித் தண்டு ஆடாவிட்டால், தட்டு தன் இருக்கையில் சரியாகப் பொருந்தவில்லை. பெரும்பாலும் இடையில் காய்ந்த மண்ணோ துருவோ இருக்கும், துடைத்துப் பூட்டினாற் போதும். தண்டும் சேர்ந்து ஆடினால் தண்டு வளைந்துள்ளது; அது கடைசற்பட்டறைக்குப் போக வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது ஆட்டமில்லாமல், கையால் தள்ளியபோது மட்டும் தட்டு விலகிக்கொடுத்தால் மேற்போதிகை தேய்ந்திருக்கின்றது. இம்மூன்றையும் வேறுபிரித்து அறியாமல் புதிய போதிகை வாங்குவோர் பணத்தை இழந்தும் ஆட்டத்தை இழக்கமாட்டார்.

போதிகைகளுள் அடிப்போதிகையே முழு நிறையையும் தாங்குவது. மேற்போதிகை பக்கவாட்டு அசைவை மாத்திரம் தடுப்பது. பழைய திகிரிகளில் தண்டின் கூர்மையான அடிமுனை உருக்குக் கிண்ணமொன்றினுள்ளோ, ஒற்றை உருக்குக் குண்டின் மீதோ சுழலும். மேலே வைரமரமோ தோலோ வெண்கல வளையமோ தண்டைப் பற்றியிருக்கும். இவை எண்ணெயால் வாழ்பவை. நாள்தோறும் சில துளி வேண்டும். பின்னாளில் வந்த குண்டுப் போதிகைகளுக்குக் கிறீஸ் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பகை ஒன்றுண்டு: மண் கலந்த நீர். களிமண்ணிலும் அதில் சேரும் மணலிலும் உள்ள நுண்துகள் உருக்கை அராவும் தன்மையுடையது. அது கிறீசோடு கலந்தால், கிறீஸ் உராய்வைக் குறைக்கும் பொருளாக இராது. சாணைப் பசையாக மாறிவிடும். அழுக்கான பழைய கிறீசின் மேல் புதியதை அப்புவதனால் பயனில்லை. முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, புதிதாக இட வேண்டும். தலைத்தட்டின் அடியில், தண்டைச் சுற்றி, குடைபோல் கவிந்த ஒரு றப்பர் வளையத்தையும் அதன் கீழ்க் கம்பளித் துண்டொன்றையும் பொருத்தினால், வழியும் சேற்றுநீர் போதிகையை அடையாமல் வெளியே சிதறிவிடும். சில ரூபாய் பெறுமதியான இக்காப்பு, போதிகையின் ஆயுளைப் பெரிதும் நீட்டும்.

தேய்ந்த பழைய போதிகைகளுக்குப் பதிலாக இன்று கிடைக்கும் தாங்கிப்பெட்டியோடு கூடிய குண்டுப் போதிகைகளைப் பூட்டலாம். அடியில், நிறை தாங்குவதற்கு, பழைய மோட்டார் வண்டியின் முன்சில்லுக் குடத்தையே பலர் பயன்படுத்துகின்றனர். வண்டியின் பாரத்தைத் தாங்கப் படைக்கப்பட்ட பொருளுக்குத் திகிரியின் பாரம் பெரிதன்று. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டை அடியிலும் மேலும் இறுக்கிப் பூட்டிவிட்டால், சிறிதளவு நேர்பிழையும் இரு போதிகைகளையும் ஒன்றோடொன்று போராடச் செய்யும். அடிப்போதிகையை இறுக்கி, மேற்போதிகையில் தண்டு மேலும் கீழும் சற்றே நகர இடமளிப்பதே முறை.

சட்டத்தை அலட்சியம் செய்தலும் தவறு. மரம் கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். அதனால் புரியாணிகளின் சுரைகள் தளரும். பருவத்துக்கு ஒருமுறை அவற்றை இறுக்க வேண்டும். செங்கல் அடுக்கியோ கொங்கிறீற்று வார்த்தோ செய்த பாரச் சில்லில் வெடிப்பு உண்டா என்பதை அடிக்கடி நோக்க வேண்டும். சுழலும்போது ஒரு கல் கழன்றால் அது குயவரின் முழங்காலையே தாக்கும். சில்லின் நிறை சமமாக உள்ளதா என்பதை அறிய எளிய வழியுண்டு. சட்டத்தின் ஒரு பக்கத்தைச் சிறிது உயர்த்தி வைத்துச் சில்லை மெதுவாகச் சுற்றினால், பாரமான பகுதி ஒவ்வொரு முறையும் தாழ்ந்த பக்கத்திலேயே வந்து நிற்கும். அதற்கு எதிர்ப்புறத்தில் சிறிது நிறை சேர்த்தால் குறை தீரும்.

இனி, புதுக்கும் முயற்சிகளில் பெரியது மோட்டார் பூட்டுதல். றப்பர் உறையிட்ட சிறு உருளையொன்றை மோட்டாரின் அச்சில் மாட்டி, அதைப் பாரச் சில்லின் விளிம்பில் அழுந்தச் செய்வதே வழக்கமான முறை. கணக்கு எளிது. நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுழலும் மோட்டாரில் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளையை மாட்டி, 75 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லில் அழுத்தினால், சில்லு அதன் பதினைந்தில் ஒரு பங்காகிய 96 சுற்றுச் சுழலும். வழுக்கலால் உண்மையில் சற்றுக் குறையும். உருளையை 10 சென்ரிமீற்றராக்கினால் வேகமும் இருமடங்காகும். நின்ற சில்லில் உருளையை அழுத்தினால் றப்பர் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகும், மோட்டாரும் சூடேறும். காலால் ஓர் உந்து கொடுத்தபின்பே மோட்டாரின் உதவியை நாட வேண்டும். இன்னுமொன்று: காலால் சுழற்றும்போது வலமாகவும் இடமாகவும் சுழற்றலாம், இடக்கைப் பழக்கமுள்ளோருக்கு அது வாய்ப்பு. மோட்டார் பூட்டியபின் திசை ஒன்றாகிவிடும். தலைத்தட்டு புரியில் ஏறியிருக்குமாயின், திசை மாறும்போது அது கழலக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நீரும் மின்சாரமும் அருகருகே இருக்குமிடமாதலால் மண்ணிணைப்பும், மின்கசிவு நேர்ந்ததும் வழியைத் துண்டிக்கும் ஆளியும், உருளையிடையே கால் அகப்படாதபடி மறைப்பும் இன்றியமையாதவை. மின்வேலையைத் தகுதிபெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மோட்டாரை வேண்டாதவரும் தம் உடலுக்கேற்பத் திகிரியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு காலையே நாள் முழுதும் உதைக்கப் பயன்படுத்துவோருக்கு இடுப்பிலும் முதுகின் அடியிலும் நோவு காண்பது இயல்பு. இருக்கை மிகத் தாழ்ந்திருப்பதே பலருக்குத் துன்பம். அதை உயர்த்தி, முன்புறம் சற்றுச் சரிவாக்கி, உதைக்காத காலுக்கு ஒரு படிக்கட்டை அமைத்தால் முதுகு நிமிர்ந்திருக்கும். மிதிகோல் வகையில், கோலும் அச்சும் சந்திக்குமிடத்திலுள்ள தோல் வார் தேய்ந்து தளரும்போது ஒவ்வொரு மிதிக்கும் ஓர் இடி கேட்கும். அந்த இடி முழங்காலுக்கும் போகும். தோலை மாற்றுதல் அரை மணித்தியால வேலை.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய திகிரியை ஏன் காக்க வேண்டும் என்று வினவலாம். மின்சாரச் சில்லு வேகமும் வசதியும் உடையது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அதுவே தொழிலைத் தொடர வழி. அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இந்நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாளில் மின்சாரத்தை மட்டும் நம்பிய பட்டறையில் பிசைந்த மண் காத்துக்கிடக்க, கால்திகிரி உள்ள பட்டறையில் கலங்கள் உருவாகும். அன்றன்றைய வனைவில் அன்றன்றைய உணவு தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறு வேறுபாடன்று.

ஆகவே பழைய திகிரியில் செய்யும் எந்த மாற்றமும் மீளக் கழற்றக்கூடியதாக இருத்தல் நலம். தண்டில் புதிய துளையிடாமல், மிதிகோலை எறியாமல், மோட்டாரைத் தனிப் பலகையில் பூட்டினால், மின்சாரம் உள்ளபோது மோட்டாரும் இல்லாதபோது காலும் உதவும். அதன் பழுதைத் தீர்க்க ஊரிலுள்ள தச்சரும் கொல்லரும் போதும்; அவர்களுக்கும் அதனால் வேலை கிடைக்கும். நாள் முடிவில் தட்டைக் கழுவித் துடைத்து, போதிகைக்கு இரு துளி எண்ணெய் விட்டு எழும் பழக்கம் ஒரு குயவருக்கு வந்துவிட்டால், அவர் திகிரி அவருடைய மாணாக்கர் காலத்திலும் சுழலும்.