வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு

கரிகால் சோழனைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. பழமொழி நானூற்றிலும் அதற்குக் குறிப்பு இருக்கிறது. சிறுவயதிலேயே பட்டத்துக்கு வந்தவன் அவன். ஒரு நாள் இரண்டு முதியவர்கள் ஒரு வழக்கோடு அவைக்கு வந்தார்கள். அரியணையில் இருந்தவனைப் பார்த்ததும் தயங்கினார்கள். இந்தச் சின்னப் பையனுக்கு நம் வழக்கு என்ன புரியப்போகிறது என்ற தயக்கம். கரிகாலன் அதைப் புரிந்துகொண்டான். நரைமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு கிழவனாக வந்து உட்கார்ந்தான். வழக்கைக் கேட்டான், தீர்ப்புச் சொன்னான். இரண்டு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டன.

ஔவையார் கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணம் பேசுகிறார்கள் என்றதும் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார்கள். அந்த நரைத்த தலையோடு தனியாக ஊர் ஊராகப் போனார், மன்னர்களிடம் முகத்துக்கு நேராகப் பேசினார்.

இதை வைத்து நம் முன்னோர்கள் எல்லாரும் நரையைக் கொண்டாடினார்கள் என்று சொல்லிவிட முடியாது. புறநானூற்றில் பிசிராந்தையார் இருக்கிறாரே! இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று அவரிடம் ஊரார் வியந்து கேட்கிறார்கள். நல்ல மனைவி மக்கள், சொன்னதைச் செய்கிற ஏவலர்கள், தவறு செய்யாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர்கள், அதனால்தான் என்று அவர் காரணம் அடுக்குகிறார். நரைக்காமல் இருப்பதில் ஒரு பெருமை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

இன்றைக்கு நிலைமை என்ன? எழுபது வயதுப் பாட்டியின் வெள்ளைத் தலையை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறோம், காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறோம். ஆனால் 45 வயதுப் பெண் ஒருத்தி டை போடுவதை நிறுத்திப் பார்க்கட்டும். “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்பார் ஒருவர். “வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்பார் இன்னொருவர். அடுத்த வாரம் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நாத்தனாரே டை பாக்கெட்டோடு வந்து நிற்பார். நரைத்த தலையை நம் ஊர் ஏற்றுக்கொள்கிறது. நரைத்துக்கொண்டிருக்கும் தலையைத்தான் அதனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் இன்று பேச வந்தது அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான்.

ஆண்களுக்கு இந்த இடைக்காலம் கொஞ்சம் சுலபமாகிவிட்டது. 2011-இல் ‘மங்காத்தா’ வந்தது. அதில் அஜித் கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையோடு நடித்தார். அதற்குப் பிறகு ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று அதற்கு ஒரு பெயரும் ஒரு கௌரவமும் வந்துவிட்டன. அதே திரையில் நடுவயதுப் பெண்ணின் தலையில் நரை வந்தால் அவர் கதாநாயகனின் அம்மா என்று அர்த்தம். அதுவும் காதோரம் இரண்டு பக்கமும் பட்டையாக வெள்ளை அடித்துவிட்டால் போதும், அம்மா தயார். எந்தத் தலையில் நரை அப்படி ஒழுங்காகப் பட்டை போட்டு வந்திருக்கிறது, சொல்லுங்கள்?

இது நம் ஊர் விவகாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் லிசா லஃப்லாம் என்ற செய்தி வாசிப்பாளர் சிடிவி தொலைக்காட்சியில் 35 ஆண்டுகள் பணியாற்றியவர். 2020-இல் கொரோனா காலத்தில் முடிதிருத்தும் நிலையங்கள் மூடிக் கிடந்தபோது டை போடுவதை விட்டார். வெள்ளித் தலையோடே செய்தி வாசித்தார். 2022-இல் அவருடைய ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. அது வணிக முடிவு என்றது நிறுவனம். நரைதான் காரணமோ என்று நாடே விவாதித்தது. ஆதரவு தெரிவித்து ஓர் உணவகக் குழுமம் தன் சின்னத்தில் இருக்கும் சிவப்புத் தலைச் சிறுமியின் முடியைக்கூடச் சில நாட்கள் நரையாக்கிக் காட்டியது. வானொலியில் பேசுகிற எனக்கு அந்தத் தொல்லை இல்லை. என் தலை என்ன நிறம் என்று நீங்கள் ஊகித்துக்கொண்டே இருக்கலாம்.

சரி, நரை ஏன் வருகிறது? ஒவ்வொரு முடியின் வேர்ப்பையிலும் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற நிறமியைச் செய்து வளரும் முடிக்குள் செலுத்துவது அவற்றின் வேலை. அந்தச் செல்களைப் புதிதாக உண்டாக்கித் தரும் கையிருப்பு குறையக் குறைய, நிறமி இல்லாத முடி வளர்கிறது. அதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் பத்து முளைக்கும் என்பார்களே, அது கிடையாது. ஒரு வேருக்கும் அடுத்த வேருக்கும் இதில் தொடர்பில்லை. ஆனாலும் பிடுங்காதீர்கள், வேர்ப்பை கெட்டால் அந்த வெள்ளை முடியும் போய்விடும். ஆண்களுக்குப் பெரும்பாலும் முதலில் நரைப்பது காதோரம். கம்பராமாயணத்தில் தசரதன் தன் முதல் நரையைக் கண்ணாடியில் பார்ப்பதும் காதருகேதான். கம்பர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்!

பிசிராந்தையார் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2020-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், கடும் மன அழுத்தம் எலிகளின் நிறமிக் கையிருப்பை எப்படிக் காலி செய்கிறது என்று காட்டினார்கள். மறு ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் முடிகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் விடுமுறைக்குப் போயிருந்த நாட்களில், ஏற்கெனவே நரைத்திருந்த ஐந்து முடிகள் நிறம் திரும்பியிருந்தன. தலை முழுவதும் அல்ல, ஐந்தே ஐந்து முடி. அதனால் கறிவேப்பிலைத் தைலமோ நெல்லிக்காயோ முழு நரையைக் கறுப்பாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் 25 வயதுக்கு முன்பே நரைத்தால் மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைபாடோ தைராய்டு கோளாறோ இருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியும்.

இனி டை. இன்றைய டைகளின் கதை, பாரிஸில் யூஜின் ஷ்யூலர் என்ற வேதியியலாளர் 1907-இல் தயாரித்த செயற்கைச் சாயத்திலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். பிற்பாடு லோரியல் ஆனது அவர் தொடங்கிய நிறுவனம்தான். கறுப்பு டையில் பெரும்பாலும் இருப்பது பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. பலருக்கு இது ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தலை அரிக்கும், காதோரம் நீர் வடியும், இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் அல்ல. பதினொன்றாம் வருடமும் ஒவ்வாமை தொடங்கலாம், தொடங்கிவிட்டால் சாதாரணமாக விலகாது. நெற்றியும் கழுத்தும் கறுத்துப்போகிறவர்களும் உண்டு. அட்டையில் ‘மூலிகை’ என்று போட்டிருந்தாலும் உள்ளே பிபிடி இருக்கலாம், பொடி எழுத்தைப் படியுங்கள். டை போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் காதின் பின்புறம் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். இதைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள், படிக்கிறவர்தான் இல்லை.

நிறுத்த நினைப்பவர்களுக்கு உண்மையான சோதனை கண்ணாடியில் இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. மூன்றே வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு போட்டுவிடும். கீழே கன்னங்கரேல், மேலே வெள்ளை. பல பேர் திரும்பவும் பாக்கெட்டைப் பிரிப்பது இந்தக் கட்டத்தில்தான். தோள்வரை முடி உள்ளவர்களுக்குச் சாயம் முழுக்கக் கழிய இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். இடுப்பு தாண்டிய பின்னல் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல். கத்தரித்துக்கொள்ள மனம் வருகிறவர்கள் பாக்கியசாலிகள், சில மாதங்களில் கடந்துவிடுவார்கள். மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம். நேர் வகிடு எடுக்காமல் தூக்கி வாரிக் கொண்டை போட்டால் கோடு அவ்வளவாகத் தெரியாது. அழகு நிலையத்தில் இடையிடையே வெளிர்நிறக் கீற்றுகள் போட்டுக் கோட்டைக் கலைத்தும் விடுவார்கள், செலவுதான் கொஞ்சம் அதிகம். மருதாணிக்கு மாறுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளை முடியில் மருதாணி செம்பட்டையாகப் பிடிக்கும். அதைக் கறுப்பாக்க அவுரிப் பொடி தேவைப்படும். மாதாந்திர வேலை அப்படியே தொடரும், பொருள்தான் மாறியிருக்கும்.

கண்ணாடியைச் சமாளித்துவிடலாம், குடும்பத்தை? மனைவி நரையோடு வெளியே வந்தால் கணவரின் வயதும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. அவர் மீசையைக் கறுப்படித்துக்கொண்டு ஐம்பதில் நிற்கப் பார்க்கிறார். பக்கத்தில் இவள் நின்றால் கணக்கு இடிக்கிறது. “எனக்கொன்றும் இல்லை, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?” என்பார். பார்க்கிறவர்களில் முதல் ஆள் அவர்தான். பள்ளியில் படிக்கும் பெண்ணோ, “பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அப்பா வரட்டும்மா, உன்னைப் பாட்டியான்னு கேட்கிறாங்க” என்பாள். அது வலிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த வீட்டுப் பேச்சைக் கடக்க நீளமான விளக்கம் எதுவும் உதவுவதில்லை. “ஆமாம், நரைத்துவிட்டது” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுகிறவர்கள்தான் ஜெயிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. வெள்ளை முடி சிகரெட் புகையிலும் உப்புத் தண்ணீரிலும் மஞ்சளித்துப்போகும், அதற்கென்று ஊதா நிற ஷாம்பு கடைகளில் கிடைக்கிறது. புடவையில் சந்தன நிறமும் வெளிர் மஞ்சளும் இனிமேல் அவ்வளவாக எடுபடாது. அரக்கும் மயில்கழுத்து நிறமும் முன்னைவிட எடுப்பாக இருக்கும். பூவில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் பளிச்சென்று தெரியும். எனக்கு மல்லிகைதான் வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசனை வரும், பூ எங்கே இருக்கிறது என்று பின்னால் வருகிறவர்கள் தேடட்டும்.