ஒரு சர்வேயர், இரண்டு திட்டங்கள்

(நம் கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

"ரிடையர் ஆனவர், ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது ஏதாவது ஆன்மிக விஷயம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் பௌதிகம் படித்துவிட்டு முப்பத்து மூன்று வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். எனக்குத் தெரிந்தது கோப்பும் கணக்கும்தான். ஆகவே, நான் கையெழுத்துப் போட்ட இரண்டு காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வருஷம் 1986. இடம் அகளி. மண்ணார்க்காட்டிலிருந்து சுரம் ஏறி, முக்காலி வழியாகப் போனால் அகளி வரும்; அங்கிருந்து கிழக்கே ஆனைகட்டியைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. அட்டப்பாடி என்று சொல்லும் இந்தப் பிரதேசத்தில் பவானியும் சிறுவாணியும் ஓடுகின்றன. மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். கிழக்கே போகப் போக மழை மறைவு. சோலையூர்ப் பக்கத்துச் சரிவுகளில் கல்லும் முள்ளும்தான் கண்ணில் படும்.

எங்கள் அலுவலகத்துக்கு அந்த வருஷம் இரண்டு திட்டங்கள் வந்தன. ஒன்று, சரிவில் சம உயர வரப்பு போடுவது. இன்னொன்று, மரக்கன்று நடுவது. இரண்டுக்கும் டம்பி லெவல் வைத்து அளந்து கோடு காட்ட ஒரு சர்வேயர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே சர்வேயர், ஒரே ஜீப். மாதவாரியாகப் பட்டை வரைந்து இரண்டு கால அட்டவணைகள் தயாரானபோது, இரண்டிலும் கையெழுத்துப் போட்டவன் நான்.

முதல் திட்டத்தில் சர்வேயருக்கு ஏப்ரலில் 15 நாள், மே மாதம் 22, ஜூனில் 8. ஆக 45 நாள் வேலை. இரண்டாவதில் ஏப்ரலில் 2, மே மாதம் 18, ஜூனில் 10, ஆக 30. இரண்டும் சேர்ந்து 75. மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் மூன்று மாதத்துக்கும் 75. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது அல்லவா? ஆனால் மே மாதத்தை மட்டும் கூட்டுங்கள்: 40 நாள். இருப்பதோ 25. அந்தக் கூட்டலை யாரும் போடவில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குத் தலைப்பு, வெவ்வேறு கோப்பு, வெவ்வேறு குமாஸ்தா. போதாததற்கு ஒரு அட்டவணையில் "சர்வேயர்" என்று பதவிப் பெயர் இருந்தது. மற்றதில் அவருடைய சொந்தப் பெயர். கண்ணுக்கு இரண்டு ஆளாகவே தெரிந்தது.

மே மாதம் மூன்றாவது வாரம் குழி வெட்ட ஊரிலிருந்து ஆட்களை வரச் சொல்லியிருந்தோம். ஊர் என்றால் அங்கே ஆதிவாசிக் குடியிருப்பு. சர்வேயர் வேறொரு சரிவில் இருந்தார். கோடு போடாமல் குழி வெட்ட முடியாது, குழி இல்லாமல் மஸ்டர் ரோலில் கூலி எழுத முடியாது. அவர்கள் நான்கு நாள் வந்து உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐந்தாம் நாள் ஊர் மூப்பன் அலுவலகத்துக்கு வந்து, ஒரு மனுஷனை ரெண்டு இடத்தில் எழுதினது யார் என்று கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கன்றுகளும் பாலித்தீன் பையிலேயே வேர் சுருண்டு, மழை ஓய்ந்த பிறகு நடப்பட்டன. பாதிக்கு மேல் பட்டுப்போயின. போன நான்கு நாள் கூலிக்கு எந்தத் தலைப்பிலும் இடம் கிடைக்கவில்லை.

(பின்னாளில், 1996ல், ஜப்பானியக் கடனுதவியோடு அகளியைத் தலைமையிடமாகக் கொண்டு வந்த பெரிய மலைவள மேம்பாட்டுத் திட்டம் வேறு. அதற்கும் என் கதைக்கும் சம்பந்தமில்லை.)

சில வருஷம் முன்பு என் பேரன் மைக்ரோஸாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற மென்பொருளைக் காட்டினான். பழைய டயரியை எடுத்து அந்த இரண்டு அட்டவணைகளையும் அதில் ஏற்றினோம். 1984க்கு முந்தைய தேதியை அது ஏற்காதாம்; நல்லவேளை, என் தவறு 1986ல் நடந்தது!

தனித்தனியாகத் திறந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. ஒருவருக்கு அவர் சக்திக்கு மீறி வேலை கொடுத்தால் அவர் பெயர் சிவப்பு எழுத்தில் வரும். எதிலும் சிவப்பு வரவில்லை. "இரண்டு திட்டங்களை ஒப்பிடு" என்று ஒரு வசதி இருக்கிறதே என்று அதையும் தட்டினேன். "தாத்தா, அது ஒரே திட்டத்தோட பழைய பதிப்பையும் புதுப் பதிப்பையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியிருக்குன்னு காட்டறதுக்கு. ரெண்டையும் கூட்டிப் பார்க்காது" என்றான். பொது ஆள் பட்டியல் என்று தனியாக ஒரு கோப்பு வைத்து, இரண்டு திட்டங்களையும் அதோடு இணைக்க வேண்டுமாம். அப்படியே செய்தோம். அப்போதும் சிவப்பு வரவில்லை! காரணம் அதே பெயர்க் குழப்பம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இயந்திரம் ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும். பெயரைத் திருத்தியதும் மே மாதம் முழுவதும் சிவப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

இதைச் சமன் செய்யவும் அந்த மென்பொருளில் வழி உண்டு. இடிக்கும் வேலைகளில் ஒன்றைப் பின்னால் தள்ளும். எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 1000 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம். நாம் ஒன்றும் கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் 500. கன்று மழைக்குக் காத்திருக்கும், மழை கன்றுக்குக் காத்திருக்காது என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் எண்ணாகச் சொல்ல வேண்டும். என் கணக்கில் ஏப்ரலில் 8 நாளும் ஜூனில் 7 நாளும் சர்வேயர் சும்மா இருந்தார். மே மாதத்து உபரி 15 நாள். வரப்பு வேலையில் கொஞ்சத்தை முன்னால் இழுத்து, கொஞ்சத்தைப் பின்னால் தள்ளியிருந்தால் ஒருவரே சமாளித்திருப்பார். கிழக்குச் சரிவுகளின் நடவை வடகிழக்குப் பருவத்துக்கு ஒத்திப்போட்டிருந்தால் மூச்சு விடவும் நேரம் கிடைத்திருக்கும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. ஒரே காகிதத்தில் இரண்டையும் எழுதியிருந்தால் போதும்.

ஆள் பலத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை இது. அந்த பவானி கலக்கும் காவேரியையே பாருங்கள். நடுவர் மன்றத்தில் தமிழ்நாடு கேட்டது 562 டி.எம்.சி., கர்நாடகம் கேட்டது 465. இரண்டுமே தத்தம் பாசனக் கணக்கோடு வந்தவை. கூட்டினால் 1027. 2007ல் மன்றம் கணக்கிட்ட மொத்த நீரோ 740 டி.எம்.சி.தான். அதற்குள் கேரளாவுக்கும் புதுச்சேரிக்கும் வேறு கொடுத்தாக வேண்டும்.

நம் வீடுகளில் தை மாத முகூர்த்தத்தில் ஒரே சமையல்காரர் இரண்டு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை, இங்கேயே இரண்டு மாமிகள் சிரிக்கிறார்கள்.

இந்த உரைக்காக நம் கிளையின் சமஷ்டி உபநயனப் பட்டியலையும் இலவசக் கண் சிகிச்சை முகாமின் பட்டியலையும் செயலாளரிடம் கேட்டு வாங்கினேன். இரண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன. இரண்டிலும் பன்னிரண்டு தொண்டர்கள். ஏழு பேர் இரண்டிலும் இருக்கிறார்கள். முதலில் ஆறு பேர் என்றுதான் நினைத்தேன்; ஒன்றில் "மணி" என்றும் மற்றதில் "சுப்பிரமணியன்" என்றும் எழுதியிருந்தவர் ஒருவரே என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வயது அறுபத்தெட்டு, போன மாதம்தான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கண் முகாமை இரண்டு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.