தீபம் கடந்த பின்னும் தங்குவது

நம் சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். மண்ணின் மதிப்பு அது வந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் நாம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் தொடரோட்டக் கோலை வடிவமைத்த மைக்கேல் ஃபோலியும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். நாட்டின் பல பகுதிகளின் மண்ணை வண்ண அடுக்குகளாக அதில் பதித்தார். 2009 அக்டோபர் 29இல் லண்டனில் கிளம்பிய அந்தக் கோல் பல நாடுகள் சுற்றி, 2010 ஜூன் 25இல் வாகா எல்லை வழியே இந்தியாவுக்குள் வந்தது.

இத்தகைய ஓட்டங்களின் நினைவுப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் முதலில் பார்ப்பது எண்ணிக்கை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் தீப்பந்தங்கள் வெறும் 22. அதனால் ஏலத்தில் அவற்றின் விலை மலைக்க வைக்கிறது. 2012 லண்டன் தீப்பந்தத்தில் 8,000 துளைகள்; தீபம் ஏந்திய 8,000 பேருக்கு ஆளுக்கொன்று. அழகான எண்ணம், ஆனால் அரிய பொருள் அல்ல.

அரிதாக இல்லாத பொருளுக்கும் மதிப்பு கூட்டுவது சான்று. ஏந்தியவர் யார், எந்தத் தெரு, எந்த நாள்? இது தெரியாவிட்டால் தீப்பந்தமும் வெறும் உலோகம்தான். இந்த வகையில் நான் மிக உயர்வாக மதிப்பது அஞ்சல் உறையை. தபால்தலை மேல் விழும் முத்திரையில் ஊரும் தேதியும் பதிந்துவிடுகின்றன. வேறு சாட்சி வேண்டாம். 200 ரூபாய் வைப்புத்தொகை கட்டி அஞ்சல் துறையில் கணக்குத் தொடங்கினால், புதிய தபால்தலைகள் வீடு தேடி வரும். வசதி குறைந்த மாணவருக்கும் எட்டும் கலை இது.

நம் மாநிலத்துக்கும் ஒரு தீபம் வந்தது. செஸ் ஒலிம்பியாட் வரலாற்றில் முதல் தீப ஓட்டம் 2022 ஜூன் 19இல் டெல்லியில் தொடங்கியது. பிரதமர் கையிலிருந்து விசுவநாதன் ஆனந்த் பெற்ற அந்தத் தீபம், 40 நாளில் 75 ஊர்களைத் தொட்டு மாமல்லபுரத்தை நோக்கி வந்தது. அந்த நாட்களின் பேட்ஜோ, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ படம் போட்ட பனியனோ உங்கள் பீரோவில் இருக்கலாம். இன்றே ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்: யார் தந்தது, எங்கே, எப்போது. விலையை ஏலக்காரர் சொல்லட்டும். வரலாற்றை எழுத வேண்டியவர் நீங்கள்தான்.