நிறைந்த வட்டும் முன்னவர் விட்டுச்சென்ற பொறுப்பும்



சொந்த ஊரை விட்டுப் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் தில்லியை அடுத்த நகரங்களிலும் கணினித் தொழில் புரியும் தமிழர் பலர். அவர்களுள் ஒருவர் புதிய பணியில் சேர்ந்ததும் அவரிடம் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் புத்தம் புதிய பொறியன்று. முன்பு இருந்தவர் அமைத்து, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு விட்டுச் சென்ற சர்வரே ஆகும். அதைப் பற்றிய குறிப்பேடு கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டாலும் பொறுப்பு நம்முடையதே. அத்தகைய சர்வரில் வட்டு நிறைந்துவிட்டால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இன்று காண்போம்.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. அதன் நெறியைப் பின்பற்றி எழுந்த லினக்ஸ் இன்று எண்ணற்ற சர்வர்களில் இயங்குகிறது. இம்முறையில் ஒரே வட்டைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்துவைக்கும் வழக்கம் உண்டு. நெல்லுக்கு ஒரு குதிர், பயற்றுக்கு ஒரு குதிர் என்று வைப்பது போன்றது இது. ஒன்று நிறைந்து வழிந்தாலும் மற்றொன்று கெடாது. நிகழ்ச்சிக் குறிப்புகளும் அஞ்சலும் தரவுத்தளமும் பெரும்பாலும் ‘வார்’ என்னும் பகுதியில் தங்குவதால், அதுவே பல இடங்களில் முதலில் நிறைகிறது. நிறைந்ததும் அஞ்சல் தேங்குகிறது. தரவுத்தளம் எழுத மறுக்கிறது. அலுவலகத்தின் நாற்புறமிருந்தும் தொலைபேசி ஒலிக்கிறது. அவ்வேளையில் நம் கை அழிக்கும் கட்டளையை நாடும். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. அந்தக் கையைத் தடுத்து நிறுத்துவதே முதல் வேலை.

ஏன் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் ‘பி.ஜி. எக்ஸ்லாக்’ என்ற பெயருடைய அடைவு ஒன்று இருந்தது. ‘லாக்’ என்னும் சொல்லைக் கண்டதும், இது வெறும் நிகழ்ச்சிக் குறிப்பு என்று எண்ணி, வட்டு நிறைந்த நெருக்கடியில் அதிலுள்ள கோப்புகளை அழித்தவர் உண்டு. உண்மையில், தரவில் செய்யப்படும் மாற்றம் ஒவ்வொன்றும் உரிய இடத்தைச் சேருமுன் முதலில் எழுதப்படும் பதிவு அது. அதை அழித்தால் தரவுத்தளம் மீண்டும் எழாமலே போகலாம். இத்தகைய விபத்து நேராதிருக்கும் பொருட்டு, 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அதன் பெயர் ‘பி.ஜி. வால்’ என்று மாற்றப்பட்டது. பெயரை மட்டும் பார்த்துப் பொருளை முடிவு செய்வது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆகவே முதலில் அளந்து பார்ப்போம். ‘டி.எஃப்.’ என்னும் கட்டளை எந்தப் பார்ட்டிஷன் நிறைந்தது என்று காட்டும். ‘டி.யு.’ என்னும் கட்டளை அதற்குள் எந்த அடைவு எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்று காட்டும். பெரிய அடைவிலிருந்து சிறிய அடைவுக்குப் படிப்படியாக இறங்கினால் காரணம் பெரும்பாலும் வெளிப்படும்.

சில வேளைகளில் இவ்விரு கணக்கும் ஒத்துவராது. வட்டு நிறைந்தது என்று ஒன்று கூறும். அவ்வளவு கோப்புகள் இல்லையே என்று மற்றொன்று கூறும். யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்பது அதன் பெயரை நீக்குவதே. ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அதன் இடம் விடுபடாது. வாசற்பலகையில் பெயரை அழித்த அளவில் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்துவிடுவாரா? அந்த நிரல் எது என்பதை ‘எல்.எஸ்.ஓ.எஃப்.’ என்னும் கட்டளையால் அறியலாம். அதை முறையாக நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பிவிடும்.

வேறு சில நேரங்களில் இடம் எஞ்சியிருந்தும் புதிய கோப்பை எழுத இயலாது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோடு’ என்னும் ஒரு பதிவு வேண்டும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் குவிந்தால் அப்பதிவுகள் தீர்ந்துபோகும். ‘டி.எஃப்.’ கட்டளையோடு ‘ஐ’ என்னும் குறியைச் சேர்த்தால் அக்கணக்குத் தெரியும். மேலும், ‘ஈ.எக்ஸ்.டி.4’ வகை அமைப்பில் வழக்கமாக 5 விழுக்காடு இடம் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். மற்றவர்க்கு வட்டு நிறைந்த பின்னும் நிருவாகி உள்ளே வந்து சீர் செய்ய அது உதவும்.

காரணம் விளங்கிய பின்னரே களைதல் வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு. மீண்டும் இறக்கிக்கொள்ளக் கூடிய மென்பொருள் பொதிகளை முதலில் நீக்கலாம். பழைய நிகழ்ச்சிக் குறிப்புகளைச் சுருக்கி வேறிடத்திற்கு மாற்றலாம். எவருடையது என்று தெரியாத கோப்பை அழிக்க வேண்டா. நகர்த்தி வைத்து, உரியவரைக் கேட்போம். ‘பழையது’ என்று பெயரிட்ட அடைவில் ஒரு நிறுவனத்தின் பல்லாண்டுக் கணக்குகள் இருக்கக்கூடும். அவற்றின் வேறு படி எங்கும் இல்லாதிருக்கவும் கூடும்.

நெருக்கடி தீர்ந்ததோடு வேலை தீர்ந்துவிடாது. குறிப்புகளைக் குறித்த காலத்தில் மடித்து மாற்றும் ‘லாக்ரொட்டேட்’ என்னும் கருவியை முறையாக அமைத்தல் வேண்டும். 80 விழுக்காடு நிறைந்தவுடன் எச்சரிக்கை வருமாறு செய்தல் வேண்டும். யாவற்றினும் முதன்மையாக, எது நிறைந்தது, ஏன் நிறைந்தது, எதை எங்கே மாற்றினோம் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். நமக்கு முன்னிருந்தவர் எழுதி வைக்கவில்லை என்று குறைகூறுவது எளிது. நாமும் ஒருநாள் வேறு ஊருக்கோ வேறு பணிக்கோ செல்லக் கூடியவர்களே. அன்று நம் இருக்கையில் வந்து அமர்பவர் ஓர் இரவு முழுவதும் கண்விழிக்க நேராமல் காப்பது, நாம் இன்று எழுதும் அந்த ஒரு பக்கமே.