சிவமூலி என்னும் பொய்ப்பெயர்

(ஆவுடையார்கோயில் மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



திருப்பெருந்துறை என்று போற்றப்பெறும் இத்திருத்தலத்தில், ஆத்மநாதப் பெருமான் திருமுன்னர், மணிவாசகப் பெருமானை நினைந்து நாம் கூடியிருக்கின்றோம். திருவாதிரை நாளில் திருவாசகத்தின் பெருமையைப் பேசுவதே மரபு. யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும், சென்ற ஆண்டு இதே விழாவில் நிகழ்ந்த ஒன்று எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நிற்பதால், இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம்.

அன்று சொற்பொழிவு முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு தாய் தூணருகே தயங்கி நின்றார். தம் மகனுக்கு வயது பத்தொன்பது என்றும், படிப்பை இடையில் விட்டுவிட்டான் என்றும், கஞ்சாப் புகைக்கு ஆட்பட்டுவிட்டான் என்றும் கூறினார். கண்டித்தபோது அவன் சொன்ன விடைதான் அவரைத் திகைக்கச் செய்திருந்தது. "அம்மா, இது சிவமூலி. நீ கும்பிடுகிற சாமிக்கு ஆகும், எனக்கு ஆகாதா?" என்றானாம். "ஐயா, அவன் சொல்வது உண்மைதானா?" என்று அத்தாய் எம்மைக் கேட்டார். யாம் திருநீறு அளித்தோம். "பெருமானை வேண்டிக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லிக் காத்திருந்த வண்டியில் ஏறிவிட்டோம். கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. செல்ல வேண்டிய வழியையும் காட்டவில்லை. அக்குற்றத்திற்குக் கழுவாயாகவே இன்று பேசுகின்றோம்.

முதலில் அந்தப் பெயரை ஆராய்வோம். கஞ்சாவுக்குச் சிவமூலி என்ற பெயர் நாட்டில் வழங்குவது உண்மையே. காசி முதலிய வடபுலத் தலங்களில் சிவராத்திரி நாளில் பாங்கு அருந்தும் வழக்கம் இருப்பதும் உண்மையே. அவ்வூரார் வழக்கத்தை இகழ்வது எம் நோக்கமன்று. ஆனால், அதுவே சைவ நெறியின் ஆணை என்று கருதுவது பிழை. நம் திருக்கோயில் வழிபாட்டைக் கண்ணாரக் காணுங்கள். பால், தயிர், தேன், நெய், கருப்பஞ்சாறு, இளநீர், சந்தனம், திருநீறு என்று பெருமான் திருமேனியில் ஆட்டப்பெறும் பொருள்களை எண்ணுங்கள். அவற்றுள் கஞ்சா எங்கே இருக்கிறது? திருமூலர் தம் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தாரே! அறிவை மயக்குவதை விலக்கிய ஆசான் வழிவந்த நாம், மயக்கும் பொருளுக்குப் பெருமான் திருப்பெயரைச் சூட்டலாமா?

"சிவன் நஞ்சையே உண்டவர் அல்லரா?" என்று கேட்போரும் உளர். ஆம், உண்டார். தம் இன்பத்திற்காகவா உண்டார்? தேவரும் பிறரும் அஞ்சி அலறியபோது, அவர்களைக் காப்பதற்காக உண்டார். அந்நஞ்சும் கண்டத்திலேயே நின்றது. பிறர் உயிர் காக்கத் தாம் ஏற்றது திருநீலகண்டம். தம் பொழுது போக்கப் பிறரைக் கண்ணீர் விடச் செய்வது கஞ்சா. இரண்டும் ஒன்றாகுமா? இன்னும் ஒன்று சொல்வோம். பெருமான் ஊமத்தம்பூவைச் சூடுகிறார், எருக்கம்பூவையும் ஏற்கிறார். ஊமத்தங்காய் உயிரையே குடிக்க வல்லது என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். சிவன் சூடினார் என்பதற்காக ஊமத்தையைப் பறித்து உண்பார் உண்டோ? உலகம் ஒதுக்கிய நச்சுப்பூவையும் ஏற்றருளும் அவன் கருணையை வியப்பதே அதன் பொருள்.

சாதுக்கள் சிலர் புகைப்பதை எடுத்துக்காட்டுவோரும் உளர். அன்பர்களே, அச்சாதுவின் கோவணத்தை யாரும் பின்பற்றுவதில்லை. மரத்தடியில் படுப்பதையும், கிடைத்ததை உண்பதையும் யாரும் பின்பற்றுவதில்லை. கையில் இருக்கும் புகைக்குழலை மட்டும் பின்பற்றுகின்றோம்! (சிரிப்பு)

இத்தலத்தின் சிறப்பை நினைவுகூருங்கள். இங்கே கருவறையில் இலிங்கத் திருவுரு இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைப் பெருமான் திருமுன் படைகல்லில் பரப்ப, அதிலிருந்து எழும் ஆவியே நிவேதனமாகிறது. ஆவி ஆண்டவனுக்கு, அன்னம் அடியவர்க்கு. இங்கு எழும் ஆவிக்குப் பின்னே பசித்தவன் வயிறு நிறைகிறது. கஞ்சாப் புகைக்குப் பின்னேயோ ஒரு வீட்டின் அடுப்பு அணைகிறது.

மணிவாசகரும் இத்தலத்தில் தம்மை மறந்தார். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னையும் மறந்தார். அமைச்சர் பதவியையும் மறந்தார். ஆனால், அந்த மறதியிலிருந்து பிறந்தது திருவாசகம். தன்னை மறந்தவன் பிறர்க்குப் பயன்பட்டால் அது பக்தி. தன்னை மறந்தவன் பெற்ற தாயையும் மறந்தால் அது போதை. இந்த அளவுகோல் ஒன்றே போதும்.

இனி, கஞ்சா உடலையும் உள்ளத்தையும் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். மிகைப்படுத்திப் பேசுவது எமக்கு உடன்பாடன்று. ஒருமுறை புகைத்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நாம் சொன்னால், புகைத்தும் பைத்தியம் பிடிக்காத நண்பனைக் காட்டி இளைஞன் நகைப்பான். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். ஆங்கில அரசு 1893ஆம் ஆண்டில் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், மறு ஆண்டில் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தது. அளவாகப் பயன்படுத்துவோருக்குப் பெருந்தீங்கு இல்லை என்றே அது முடிவு கண்டது. மிகையாகப் பயன்படுத்துவது கேடு என்பதை அதுவும் மறுக்கவில்லை. இன்று கஞ்சாவை ஆதரிப்போர் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால், அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ அறிவு வளர்ந்திருக்கிறது.

சுவீடன் நாட்டில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் படைப்பயிற்சிக்கு வந்த நாற்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை, மருத்துவர்கள் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களிடம், மனச்சிதைவு நோய் மற்றவர்களைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. இது 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் வந்த ஆய்வுகளும், இளமையில் தொடங்குவோருக்கும், நாள்தோறும் புகைப்போருக்கும், வீரியம் மிக்க சரக்கைப் பயன்படுத்துவோருக்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளவர்க்கும் இவ்விடர் கூடுதல் என்றே கூறுகின்றன. பயன்படுத்துவோர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. ஆனால், யாருக்கு வரும் என்று முன்கூட்டி அறிய முடியாத ஆட்டத்தில், தாய் தன் பிள்ளையைப் பணயமாக வைப்பாளா?

மனச்சிதைவு வராதோரும் தப்பினார் அல்லர். புகைத்த சில மணி நேரம் நினைவும் கவனமும் தளர்கின்றன. இருசக்கர வண்டி ஓட்டுவோனுக்கு, எதிரே வருவதைக் கண்டு கை செயற்படும் விரைவு குறைகிறது. மனித மூளை ஏறத்தாழ இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், பதின்பருவத்தில் பழகியவனுக்குக் கேடு மிகுதி. பயன்படுத்துவோரில் பத்தில் ஒருவர் அளவில் அதற்கு அடிமையாகின்றனர். இளமையில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் வரை அடிமையாகின்றனர் என்பர். விட முயன்றால் உறக்கமின்மை, எரிச்சல், பசியின்மை ஆகியவை வருத்துகின்றன. இதோ, இக்கோயிலின் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். கருங்கல்லைப் பலகைபோல் மெலிதாக்கி, மரச் சட்டமும் ஆணியும் போலவே செதுக்கிய கைகள் எத்தகைய நிதானம் உடையனவாய் இருந்திருக்க வேண்டும்! அந்த நிதானம் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அதனை ஒரு பொட்டலத்துக்கு விற்கலாமா?

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்றதுண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாப் பூங்கொத்தை வைத்திருத்தல், விற்றல், கடத்தல், நுகர்தல் அனைத்தையும் குற்றமாக்கியது. நுகர்ந்தவனுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. இருபது கிலோவுக்கு மேல் கடத்தினால் குறைந்தது பத்தாண்டுக் கடுஞ்சிறை. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் தடையை நீக்கியதைச் சுட்டுவோர், அந்நாடுகளிலும் பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு விற்பது குற்றம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இச்சட்டம் நம் மாவட்டத்தைத் தொடுவது கடற்கரையில். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, நம் கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் கரைகள் வழியாகவும் இலங்கைக்குக் கடத்தப்படுவதை நாளிதழ்களில் படிக்கின்றோம். அங்கே அதற்குக் கேரள கஞ்சா என்று பெயர். சரக்கின் முதலாளி பெரும்பாலும் பிடிபடுவதில்லை. மூட்டை சுமந்த ஏழைப்பிள்ளை பிடிபடுகிறான். அக்கரையில் அதைப் புகைத்துக் கெடுபவனும் நம் மொழி பேசும் ஒரு தாயின் மகனே. ஒரு மூட்டைக்காகக் கடலின் இரு கரையிலும் இரண்டு தாய்மார் அழுகின்றனர்.

இறுதியாக, நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ஊரில் இரண்டு பிழைகள் நடக்கின்றன. "வயசுப் பிள்ளை, தானாகத் திருந்துவான்" என்று நகைத்துக் கடப்பது ஒன்று. மானம் போய்விடும் என்று மறைப்பதும், மறைக்க முடியாதபோது அடித்து வெளியே துரத்துவதும் மற்றொன்று. திலகவதியார் வரலாறு நமக்கு வேறு வழி காட்டுகிறது. நெறி மாறிச் சென்ற தம்பி மருள்நீக்கியார், சூலைநோய் தாங்காது இரவில் திருவதிகைக்கு வந்து அடி வீழ்ந்தார். "அன்று எங்கே போனாய்?" என்று அம்மையார் கேட்டாரில்லை, கதவை அடைத்தாரில்லை. திருநீறு அளித்தார். அதனோடு நிற்கவும் இல்லை. விடியற்காலையில் தம்முடன் அழைத்துக்கொண்டு திருவீரட்டானத்திற்குச் சென்றார். திருநீறு கொடுத்தது பாதி. உடன் நடந்தது மறுபாதி. யாம் சென்ற ஆண்டு கொடுத்தது பாதி மட்டுமே.

ஆகவே, அந்த அன்னைக்கு இன்று முழு விடை சொல்கின்றோம். இக்கூட்டத்தில் அவர் இருந்தால் கேட்கட்டும். இல்லையேல், அறிந்தோர் கொண்டு சேருங்கள். அம்மா, உங்கள் மகன் சொன்னது உண்மையன்று. சிவபெருமான் பெயரால் அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். ஆனால் அவன் கெட்டவன் அல்லன், நோயாளி. சண்டையிடாதீர்கள், சந்தேகக் குரல்கள் கேட்கின்றன என்றோ, யாரோ தன்னைத் தொடர்கின்றனர் என்றோ அவன் சொன்னால், ஒரு நாளும் தாமதியாதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தாலும் வழி சொல்வார்கள். போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. தானாக முன்வந்து அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெறுவோனுக்கு, நுகர்ந்த குற்றத்திற்கும் சிற்றளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கிலிருந்து விலக்களிக்க அச்சட்டத்திலேயே இடம் உண்டு. ஒருமுறை விட்டு மறுபடி தொட்டாலும் மனம் தளராதீர்கள். நோய் நீங்குவது அப்படித்தான்.

இளைஞர்களே! உங்களில் எவரேனும் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இவ்வுரையைக் கேட்டிருக்கலாம். உங்களை இத்திருமுன்னிலிருந்து யாரும் துரத்தப்போவதில்லை. ஆத்மநாதன் என்றால் உயிருக்குத் தலைவன். உங்கள் உயிருக்கு அவன் தலைவனாக இருக்கட்டும். புகை தலைவனாக வேண்டா.

தூணருகே தயங்கி நிற்கும் தாய்மாரைக் கண்டால் நாம் வண்டி ஏறாதிருப்போம். அதுவே இத்திருவாதிரையில் நாம் மேற்கொள்ளும் நோன்பாகுக.

திருச்சிற்றம்பலம்.