கூரையில் ஒரு விரிசல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய விஷயம். எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்புறத்தில் விழுந்த ஒரு விரிசலைப் பற்றியது. காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், நல்ல நூல் ஒன்றைப் பற்றிப் பேசாமல் கொத்துவேலை பேச வந்துவிட்டானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த விரிசல் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. ஆசிரியனுக்குப் பாடம் கற்பித்தவர்களைப் பற்றிப் பேசுவது ஆசிரியனின் கடமைதானே?

ஆண்டிபட்டியில் எங்கள் வீடு 1991ஆம் ஆண்டில் கட்டியது. கான்கிரீட் கூரை, அதன்மேல் தட்டோடு பதித்த மொட்டைமாடி. சில ஆண்டுகளுக்கு முன், மகன் திருமணத்தை ஒட்டிக் கூடத்தை அழகுபடுத்த வேண்டும் என்றார்கள். கான்கிரீட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு, இரும்புத் தகட்டுச் சட்டம் அமைத்து, அதில் வெள்ளைப் பலகைகளைத் திருகி, இணைப்புத் தெரியாமல் பூசி, வண்ணம் அடித்தார்கள். கடைத்தெருவில் இதை ‘ஃபால்ஸ் சீலிங்’ என்கிறார்கள். தமிழில் பொய்க்கூரை என்று சொல்லலாம். இந்தப் பெயரின் பொருத்தம் அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பலகை ஜிப்சம் என்னும் கனிமத்தால் ஆனது. சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் நீரும் கலந்த பொருள் அது. ஏறத்தாழ 150 டிகிரி வெப்பத்தில் வறுத்தால் தன்னுள் இருக்கும் நீரில் முக்கால் பங்கை இழந்து மாவாகிவிடும். அந்த மாவில் மறுபடியும் தண்ணீரைச் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகிக் கல்லாகும். இந்தக் குழம்பை இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்து இறுக்கினால் பலகை ஆகிறது. அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894ஆம் ஆண்டில் இத்தகைய பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பலகையின் கனம் அரை அங்குலந்தான். தீயை ஓரளவு தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நனைந்தால் கனத்துத் தொங்கும். இந்த இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை போட்ட இரண்டாம் ஆண்டில் கூடத்தின் நடுவே ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. வண்ணம் பூசுபவர் வந்தார். கொஞ்சம் பட்டி வைத்துத் தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருந்தது. சித்திரை வெயில் முடிவதற்குள் அதே இடத்தில் அதே கோடு. மறு ஆண்டும் அப்படியே பூசினோம், அப்படியே வெடித்தது. மூன்றாம் முறை கோட்டின் ஒரு முனையில், தேநீர்க் கறைபோல் பழுப்பு வட்டம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. நான் வண்ணக்காரரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். அப்போது என் மனைவி, “பள்ளிக்கூடத்தில் செய்ததையே வீட்டிலும் செய்யப் போகிறீர்களா?” என்று கேட்டாள்.

கையிலிருந்த தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நான் செய்தது என்ன? அதையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமைப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு, 2001. பழைய கட்டடம். நான்காம் வகுப்பறையின் மேற்காரையில் ஒரு விரிசல் இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்ற செய்தி வந்தது. அதிகாரி கண்ணில் படக்கூடாதே என்று, இருந்த சிறு தொகையில் வெள்ளையடிக்கச் சொன்னேன். ஆய்வு நன்றாகவே முடிந்தது. ஐப்பசி மழையில், ஒரு நாள் பிற்பகல், காரை பெயர்ந்து விழுந்தது. ஒரு சிறுவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. தலையில் விழாமல் தப்பியது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

மருத்துவமனையில் அவன் தாய் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. “நீங்க பார்த்திருப்பீங்கன்னுதானே நினைச்சிருந்தோம், சார்” என்றார். நான் பார்த்துத்தான் இருந்தேன். அதுதான் என் குற்றம். சிறுவன் குணமடைந்து படிப்பை முடித்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். ஆனாலும் அந்தத் தாயின் சொல் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள் என்ற செய்தியைக் கேட்டபோது, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. மாணவன் கணக்கில் பிழை செய்தால், விடையை அடித்துச் சரியான விடையை எழுதிவிடாதே. எந்தப் படியில் தவறினான் என்று பார் என்பார்கள். பிள்ளைகளின் நோட்டில் இதைத் தவறாமல் செய்த நான், கூரை விஷயத்தில் செய்யவில்லை. விரிசலும் ஒரு பிழையான விடைதான். அதற்கு முன்னே ஏதோ ஒரு படியில் தவறு நேர்ந்திருக்கிறது.

எனவே இந்த முறை பூசுவதற்கு முன் விரிசலைப் படிப்பது என்று முடிவு செய்தேன். நேயர்களும் இதை எளிதாகச் செய்யலாம். முதலில் விரிசலின் வடிவத்தைப் பாருங்கள். ஜிப்சம் பலகைகள் பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி அளவில் வருகின்றன. கோடு நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றால், அது இரண்டு பலகைகள் சேருமிடம்; இணைப்பில் பட்டை ஒட்டாமல் வெறும் பட்டியை நிரப்பியிருப்பார்கள். சுவரோரமாகவே ஓடினால், சுவரும் சட்டமும் வெவ்வேறாக அசைகின்றன என்று பொருள். விரிசலோடு பலகை தொங்கினால் திருகாணி பிடிப்பு விட்டிருக்கும். பழுப்பு வட்டம் இருந்தால் சந்தேகமே வேண்டா. மேலே தண்ணீர் இருக்கிறது.

அடுத்து, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோடு குறியைத் தாண்டாமல் நின்றால் அது பழைய காயம். தாண்டினால் நோய் இன்னும் இருக்கிறது. எங்கள் கோடு ஒரே மாதத்தில் நான்கு விரற்கடை நீண்டது.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டிபட்டியின் கோடை உங்களுக்குத் தெரியும். இருபதடி நீளமுள்ள கான்கிரீட் கூரை, பகலுக்கும் இரவுக்கும் இருபது டிகிரி வேறுபாடு ஏற்பட்டால், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நம் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. அதனோடு பிணைந்து தொங்கும் பலகையின் இணைப்புக்கோ அது நாள்தோறும் நடக்கும் இழுபறி.

ஆனால் பழுப்பு வட்டம் வெயிலால் வருவதன்று. பழக்கமான கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேலே பார்க்காம கீழே பூசக்கூடாதுங்க ஐயா” என்றார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பழுப்பு வட்டம் இருந்த பலகையைச் சதுரமாக அறுத்து எடுத்தார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நானும் ஏணியில் ஏறிப் பார்த்தேன்.

பொய்க்கூரைக்கு மேலே மெய்க்கூரை பெயர்ந்துகொண்டிருந்தது. கான்கிரீட்டின் அடிப்புறம் இரண்டடி அகலத்துக்கு உப்பியிருந்தது. கம்பிகள் வெளியே தெரிந்தன. அவற்றில் துரு செதில் செதிலாக இருந்தது. பெயர்ந்த துண்டுகள் பலகையின் முதுகில் விழுந்து கிடந்தன. அதன் நேர் கீழேதான் என் பேத்தி பாய் விரித்து எழுதுவாள்.

காரணம் மொட்டைமாடியில் இருந்தது. 500 லிட்டர் நீர்த்தொட்டி ஒன்று நேர் மேலே நின்றது. அது நிரம்பி வழியும் குழாய், தட்டோட்டின் மேலேயே நீரை விட்டுக்கொண்டிருந்தது. அங்கே வாட்டம் சரியில்லாததால் தண்ணீர் தேங்கி, தட்டோட்டின் சந்துகளில் இறங்கி, கம்பியைத் தொட்டுவிட்டது. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு முதல் ஆறு மடங்குவரை பருக்கும். கான்கிரீட்டுக்குள் பருக்க இடம் ஏது? ஆகவே அது கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளுகிறது. ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீடாக இருந்தால் இதை நாங்கள் பல மாதங்களுக்கு முன்பே கண்டிருப்போம். அழகுக்காகப் போட்ட பலகை ஆபத்தை மறைத்தது. அந்தப் பலகையில் விழுந்த விரிசலே ஆபத்தைக் காட்டியும் கொடுத்தது. நான் அந்த விரிசலின் வாயை இரண்டு முறை அடைத்திருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது என்ன? நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை எண்ணிப் பாருங்கள். பென்னிகுயிக் தலைமையில் கருங்கல்லாலும் சுண்ணாம்புச் சுருக்கிச் சாந்தாலும் கட்டி 1895ஆம் ஆண்டில் முடித்த அணை அது. 1979ஆம் ஆண்டில் அதன் உறுதி குறித்துக் கேள்வி எழுந்தபோது, முதலில் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். பிறகு மேலே கான்கிரீட் தொப்பி வைத்தார்கள். அணையின் உடலில் இரும்பு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் தாங்கல் கொடுத்தார்கள். இவையெல்லாம் முடிந்து, ஆராய்ந்து பார்த்த பின்பே, 2014ஆம் ஆண்டில் 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமையைக் குறைத்தல், காரணத்தைக் காணல், வலுவூட்டல், பிறகு சுமை ஏற்றல் என்பதே அந்த வரிசை. அணைக்கு உரிய அந்த முறை ஒரு வீட்டுக் கூரைக்கும் உரியதே.

அவ்வாறே செய்தோம். நிறைந்த தொட்டி அரை டன் எடை. அதைக் காலி செய்து சுவரின் மேலே பீடம் கட்டி மாற்றினோம். பேத்தியின் பாயை உள்ளறைக்குக் கொண்டுபோனோம். பொறியாளர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, கம்பி அதிகம் தேயவில்லை என்று உறுதி சொன்னார். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, பிடிப்புச் சேர்மம் கலந்த சிமெண்டுச் சாந்தால் அடைத்தார்கள். மாடியில் தட்டோட்டைப் பெயர்த்து வாட்டம் பார்த்து மீண்டும் பதித்தார்கள். அடுத்த மழை பெய்து, ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று கண்ட பிறகே பலகைக்கு வந்தோம்.

பலகை வேலையில் நானும் உடன் நின்றேன். நனைந்த பலகை பயன்படாது. அதை நீக்கி, அதே கனமுள்ள புதிய துண்டைச் சட்டத்தில் திருகினோம். திருகாணியின் தலை பலகைக்குள் சற்றே இறங்க வேண்டும். ஆனால் காகிதம் கிழியக்கூடாது. நனையாத இணைப்புகளில் பழைய பட்டியைச் சுரண்டி, தூசியைத் துடைத்தோம். இணைப்புக்கென்றே விற்கும் பசையை ஒரு பூச்சுப் பூசி, ஈரம் காய்வதற்குள் காகிதப் பட்டையை அதன்மேல் வைத்து, அகலத் தகட்டால் அழுத்தி மிகுதியை வழித்தோம். விரிசலைத் தடுப்பது இந்தப் பட்டைதான். முன்பு அதைத்தான் விட்டிருந்தார்கள். ஒரு நாள் காயவிட்டு இரண்டாம் பூச்சு. மறுநாள் அதைவிட அகலமாக மூன்றாம் பூச்சு. பிறகு நைஸான உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் அடித்தோம். சுவரோரத்தில் இறுகும் பட்டியை வைக்காமல், ரப்பர்போல் நெகிழும் அடைப்புப் பசையை வைத்தோம். அசையும் இடத்தை அசையவிடுவதே அறிவு.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லிக்கொள்கிறேன். மின்விசிறியை ஒருநாளும் ஜிப்சம் சட்டத்தில் தொங்கவிடாதீர்கள். அது கான்கிரீட்டில் பதித்த கொக்கியில்தான் தொங்க வேண்டும். பழைய வீடுகளில் மேலே இருப்பது கல்நார்ச் சிமெண்டுத் தகடாக இருந்தால், அதைத் தேய்க்கவோ அறுக்கவோ முற்படாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

கடைசியாக ஒன்று. பலகையை முழுவதும் மூடிவிடாமல், ஓரத்தில் ஒன்றரை அடிச் சதுரத்தில் திறந்து மூடும் கதவு ஒன்று வைக்கச் சொன்னேன். பார்க்க நன்றாக இல்லை என்று மகனுக்குக் குறைதான். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதைத் திறந்து, கைவிளக்கோடு மேலே பார்க்கிறேன். சென்ற முறை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தி, “தாத்தா, மேலே என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒன்றும் இல்லை அம்மா, ஆனால் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்” என்றேன்.

மருத்துவமனையில் அந்தத் தாய் சொன்ன சொல்லுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. காலங்கடந்து இப்போது சொல்லக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ, உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ ஒரு விரிசலைக் கண்டால், சுண்ணாம்பு வாளியைத் தேடுவதற்கு முன் ஓர் ஏணியைத் தேடுங்கள்.